அரிசிக்கு உரிமை, கீரைக்கு அறிவுரை

தமிழ்நாட்டில் உணவுப் பாதுகாப்பு என்றால் இன்றளவும் அரிசிதான். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தானியத்தை உரிமையாக்கியது. 2016 நவம்பரில் அச்சட்டத்தை ஏற்றபோதும், தமிழ்நாடு அனைவருக்குமான ரேஷனைக் கைவிடவில்லை. இது சிறிய சாதனை அன்று. ஆயினும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அது 57.4 விழுக்காடு. காரணங்கள் பல, தட்டில் கீரையும் காயும் பழமும் குறைந்திருப்பது அவற்றுள் ஒன்று. அரிசியை உரிமையாகத் தந்த அரசு, கீரையை மட்டும் அறிவுரையாகவே தருகிறது: விதைப் பொட்டலம் வாங்குங்கள், வீட்டில் தோட்டம் போடுங்கள்.

திருத்தணி–சோளிங்கர் சாலையில் உள்ள கே.ஜி.கண்டிகை போன்ற ஊரில் இந்த அறிவுரை எங்கே முட்டி நிற்கிறது? கரும்பும் நெல்லும் வேர்க்கடலையும் விளையும் வட்டாரம் இது. நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்குப் பாத்தி கட்டக் கொல்லை இருப்பதில்லை. மாநிலத்திலேயே கோடை வெயில் மிகக் கடுமையாகக் காயும் ஊர்களில் திருத்தணியும் ஒன்று. குடிக்கக் குடம் சுமக்கும் பெண்ணே வெண்டைச் செடிக்கும் ஊற்றியாக வேண்டும். விதை இலவசம், தண்ணீரும் அவள் உழைப்பும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வீட்டுத்தோட்டத் திட்டங்கள் வாடுவதற்கு மக்களின் அக்கறையின்மையைக் காரணம் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

ஆகவே தோட்டத்தின் இடம் சத்துணவு மையம் என்பதே என் வாதம். 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தால் ஊர்தோறும் சமையற்கூடம் இருக்கிறது. அரிசியும் காயும் கழுவிய நீர் நாள்தோறும் அங்கே வெளியேறுகிறது. விளைந்தது அன்றே உலைக்குப் போகும். விற்க அலைய வேண்டியதில்லை.

எவ்வளவு விளைய வேண்டும்? தேசிய விதிப்படி தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி. நூறு குழந்தைகளுக்கு 5 கிலோ. இருநூறு பள்ளி நாளுக்கு ஒரு டன். இதைப் பள்ளி வளாகத்தின் சிறு பாத்தி முழுதாகத் தராது, தருமென்று சொல்வதும் தவறு. சந்தையிலிருந்து வரும் காயோடு நாள்தோறும் கைப்பிடிக் கீரை சேர்ப்பதுதான் அதன் வேலை.

மத்திய அரசு 2019இல் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் இங்கே உண்மையான சோதனை கோடை விடுமுறை. ஆள் நடமாட்டம் இல்லாத மே மாதத்தில் தக்காளியும் கத்தரியும் கருகிவிடும். ஜூனில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே மரப்பயிரை முதலில் வைக்க வேண்டும்: முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, பப்பாளி, எலுமிச்சை. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 செடிமுருங்கை விதைத்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் காய்க்கும். ஆண்டுதோறும் கவாத்து செய்தால் மறுதாம்பாகத் தழைக்கும். கொத்தவரையும் அவரையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் போதும்.

நாற்றுக்கு என்ன வழி? வங்கதேசத்தில் ஹெலன் கெல்லர் நிறுவனம் நடத்திய வீட்டுத்தோட்டத் திட்டம் கிராம நாற்றங்கால்களை நம்பியே பரவியது. இங்கே அப்பொறுப்பை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குத் தரலாம். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பள்ளிகளில் சமைப்பவர்கள் அவர்களே. என்ன காய் வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் தோட்டவேலையைச் சமையலரின் தலையிலோ ஆசிரியர் தலையிலோ இலவசமாகக் கட்டக் கூடாது.

ஆட்டுக்குத் தப்பும் வேலி, கோடையிலும் வரும் குழாய், விடுமுறையிலும் நீர் ஊற்றும் ஒருவருக்கு மாதக் கூலி: இம்மூன்றையும் ஊராட்சிகள் தங்கள் வரவுசெலவில் தனித் தலைப்பாக எழுத வேண்டும்.