நிக்கொதேமஸ்: புகையிரதம் விலகிச் சென்ற ஊர்

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுற்ற 1865ஆம் ஆண்டிலே அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எனினும் தென்மாநிலங்களில் உழைத்த கறுப்பின மக்களுக்கு உழுநிலம் உரிமையாகவில்லை. நிலமற்ற விடுதலை எத்தகையது என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். கன்சாஸ் மாநிலத்து நிக்கொதேமஸ் என்னும் சிற்றூர் இவ்வுணர்வின் விளைவேயாகும்.

1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் அரச நிலம் கிடைக்க வழிசெய்தது. 1877இல் கறுப்பினப் போதகரான டபிள்யூ. எச். ஸ்மித்தும், வெள்ளையரான நில வணிகர் டபிள்யூ. ஆர். ஹில்லும் இவ்வூரைத் தோற்றுவிக்க முன்னின்றனர். அவ்வாண்டு செப்டெம்பரில் கென்ரக்கியிலிருந்து ஏறத்தாழ 300 பேர் வந்து சேர்ந்தனர். மரமற்ற புல்வெளியிலே வீடுகளைக் காணாது பலர் உடனே திரும்பினர். எஞ்சியோர் நிலத்தைக் குடைந்து உறைவிடம் அமைத்தனர். 1878இல் வந்த வில்லியானா ஹிக்மன் என்னும் பெண்மணி, ஊர் எங்கே எனத் தேடியபோது, மண்ணிலிருந்து எழும் புகையையே கணவர் சுட்டிக்காட்டினார், அவர் அழுதுவிட்டார்.

உழவு விலங்குகள் போதாமையால் மண்வெட்டி கொண்டே நிலம் திருத்தப்பட்டது. ஆயினும் பத்தாண்டுகளுள் தேவாலயங்களும் பாடசாலையும் கடைகளும் இரு செய்தித்தாள்களும் தோன்றின. இங்கு குடியேறிய எட்வேர்ட் மக்கேப் 1882இல் மாநிலக் கணக்காய்வாளராகத் தெரிவானார்.

கோதுமையைச் சந்தைக்கு அனுப்பப் புகையிரதம் இன்றியமையாததாயிற்று. அதனைப் பெறுவதற்கென 1887இல் 16,000 டொலர் கடன்பத்திரங்களை வழங்க ஊரார் வாக்களித்தனர். ஆனால் அப்பாதை வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் நிறுவனம் சொலமன் ஆற்றின் தென்புறத்தே பாதை அமைத்தது. அங்கே போக் என்னும் புதிய ஊர் எழுந்தது. வணிகர் பலர் கடைகளோடு அங்கு பெயர்ந்தனர்.

வணிகரின் ஊர் அன்றே தளர்ந்தது. உழவரின் ஊரோ தளரவில்லை. கடையைப் பெயர்க்கலாம், பண்படுத்திய நிலத்தைப் பெயர்த்தல் இயலுமோ? 1930களின் வறட்சியும் புழுதிப்புயலுமே உழவரையும் பெருமளவிற் கலைத்தன. 1953இல் அஞ்சலகமும் மூடப்பட்டது.

1996இல் நிக்கொதேமஸ் தேசிய வரலாற்றுத் தலமாக்கப்பட்டது. இன்று அங்கு வாழ்வோர் மிகச் சிலரே. எனினும் ஆண்டுதோறும் யூலை இறுதியில் முன்னோரின் விடுதலையை நினைவுகூர வழித்தோன்றல்கள் தொலைதூரங்களிலிருந்து திரும்பி வருகின்றனர். புகையிரதம் மறுத்த இணைப்பினை நிலத்தின் நினைவு வழங்கியது எனலாம்.