அந்தரங்க உறுப்பில் நீர்க்கொப்புளம்: எல்லாமே பாலியல் நோய் இல்லை! 'லிம்ஃபாஞ்சியோமா' என்றால் என்ன?

டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் இருந்து எய்ம்ஸ், சஃப்தர்ஜங் மருத்துவமனைகள் பக்கம்தான். ஆட்டோவில் ஏறினால் சில நிமிடங்கள். ஆனால் பிறப்புறுப்பில் கொப்புளம் வந்தால், அந்தத் தூரத்தைக் கடக்கவே சில பெண்களுக்கு வருடங்கள் ஆகிவிடும். 'யார்கிட்ட சொல்றது? தப்பா நினைச்சுட்டா?' என்ற பயம்தான் காரணம்.

அப்படிப் பயந்து மறைக்கப்படும் கொப்புளங்களில் அரிதான ஒன்று, 'லிம்ஃபாஞ்சியோமா சர்க்கம்ஸ்கிரிப்டம்'. இது புற்றுநோய் இல்லை. பாலுறவால் பரவுவதும் இல்லை.

ஏன் வருகிறது?

திசுக்களில் சேரும் திரவத்தை ரத்தத்துக்குத் திருப்பி அனுப்புபவை நிணநீர்க் குழாய்கள். சிலருக்குப் பிறவியிலேயே தோலுக்கு அடியில், இந்தக் குழாய்களோடு சரியாக இணையாத நிணநீர்ப் பைகள் இருக்கும். அவற்றின் அழுத்தம் மேல்தோலில் கொப்புளமாகத் தெரியும். இதை 1976-இல் விம்ஸ்டர் என்ற மருத்துவர் விளக்கினார்.

இன்னும் சிலருக்கு வழியில் ஏற்படும் அடைப்பால் பின்னாளில் வரலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, நிணநீர்க் கணுக்களில் காசநோய், யானைக்கால் நோய் ஆகியவை முக்கியக் காரணங்கள்.

எப்படி இருக்கும்?

தவளை முட்டைகள் போலச் சிறு கொப்புளங்கள் கொத்தாக இருக்கும். தெளிந்த நீரோ, ரத்தம் கலந்த நீரோ கசியலாம். அரிப்பு, வலி, வீக்கம், அடிக்கடி தொற்று, காய்ச்சல் ஆகியவையும் வரலாம்.

எங்கே தவறு நடக்கிறது?

பார்வைக்குப் பாலியல் மரு அல்லது ஹெர்பிஸ் போலவே இருக்கும். அதனால் சில நேரம் மருவுக்கான சிகிச்சையே திரும்பத் திரும்பத் தரப்படுகிறது. கொப்புளம் போகாது. அதோடு தேவையில்லாத சந்தேகம் வீட்டுக்குள் நுழைந்துவிடும்.

உறுதி செய்ய பயாப்ஸி வேண்டும். சிறு துண்டுத் தோலை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். 'டி2-40' என்ற சாயப் பரிசோதனை, அவை நிணநீர்க் குழாய்கள்தான் என்பதைக் காட்ட உதவும். எவ்வளவு ஆழம் என்பதை எம்.ஆர்.ஐ. சொல்லும்.

அறுவை சிகிச்சை எப்போது?

தொந்தரவு இல்லையென்றால் கண்காணித்தாலே போதும். கசிவும் தொற்றும் தொடர்ந்தால், பாதித்த தோலோடு அடியில் உள்ள பைகளையும் சேர்த்து அகற்றுவார்கள். பெரும்பாலும் தையல் போட்டே மூடிவிடலாம். இடம் பெரிதாக இருந்தால் வேறிடத்தில் இருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள்.

கார்பன் டை ஆக்சைடு லேசர், பையைச் சுருங்க வைக்கும் ஊசி ஆகியவையும் உண்டு. லேசர் மேலோட்டமான கொப்புளங்களுக்குப் பலன் தரும். ஆழத்தில் பை மிச்சமிருந்தால் மறுபடியும் வரலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் திரும்ப வர வாய்ப்பு உண்டு என்பதால், தொடர் பரிசோதனை அவசியம்.

டாக்டரிடம் என்ன கேட்கணும்?

'இது மருதான்னு எப்படி உறுதி செஞ்சீங்க? பயாப்ஸி தேவையா? எவ்வளவு ஆழம் இருக்கு? திரும்ப வருமா?' என்று தயங்காமல் கேளுங்க. முன்பு புற்றுநோய் சிகிச்சையோ, காசநோயோ இருந்திருந்தால் மறக்காமல் சொல்லிடுங்க. காய்ச்சலோடு அந்த இடம் சிவந்து வீங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்க.

மகப்பேறு மருத்துவர், தோல் மருத்துவர் இருவருமே இதைப் பார்ப்பார்கள். கொப்புளத்தை நீங்களே கிள்ளவோ, மருந்துக் கடையில் மரு மருந்து வாங்கித் தடவவோ வேண்டாம்.