வீட்டில் கட்டும் விமானத்தின் உலோக இறக்கை

அலுமினியக் கலவைத் தகடுகளைத் துளையிட்டு, ரிவெட் அடித்து, விமானப் பிரியர் ஒருவர் தம் கார் கொட்டகையிலேயே உருவாக்கும் இறக்கை இது. ஒரு விமானத்தின் கட்டுமான வேலையில் பாதிக்கு மேல் தனியாட்கள் கற்கவோ பொழுதுபோக்காகவோ செய்ததாக இருந்தால், அமெரிக்க விமானச் சட்டம் அதைச் சோதனை வகையில் பதிவு செய்ய இடமளிக்கிறது. இவ்வகையில் மிகுதியாகக் கட்டப்படுவது, ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் 1973இல் தொடங்கிய ஒரிகன் மாநில நிறுவனமான வான்ஸ் ஏர்கிராஃப்டின் ஆர்வி வரிசை. இதுவரை 10,000க்கும் மேற்பட்ட ஆர்வி விமானங்கள் பறந்துள்ளன.

இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மைச் சட்டம் ஸ்பார். அதில் வரிசையாகப் பொருத்தப்படும் ரிப்கள் இறக்கைக்கு வளைவைத் தருகின்றன. ரிப்பைத் தகட்டிலிருந்து அழுத்தி அதன் விளிம்பை மடிக்கும்போது, ரிப் முழுதும் லேசாகக் கோணிவிடும். மடிப்பு விளிம்பில், துளைகளுக்கு இடையே தனிக் குறடால் சிறு நெளிவுகள் இட்டு இதை நேராக்குவார்கள். இதில் அவசரப்பட்டால் மேல்தகட்டின் துளைகள் ரிப்பின் துளைகளோடு சேராது.

இவ்விமானங்களின் பழைய பாகத் தொகுப்புகளில் ஒவ்வொரு துளையையும் அளந்து குறிக்க வேண்டியிருந்தது. இன்றைய தொகுப்புகளில் துளைகள் முன்கூட்டியே குத்தப்பட்டு வருவதால், பெரும்பாலானவற்றைச் சரியான அளவுக்கு விரித்தால் போதும். தகட்டை ரிப்கள்மேல் வைத்து, கிளிகோ என்னும் வில் பிடிப்பான்களால் இறுக்கி, 2.4 மி.மீ. ரிவெட்டுக்கு 40ஆம் எண் டிரில்லையும் 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 30ஆம் எண் டிரில்லையும் செங்குத்தாகச் செலுத்த வேண்டும். துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து ரிவெட் விட்டத்தைப் போல் இரு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும்.

பிறகு அனைத்தையும் மீண்டும் கழற்ற வேண்டும். வீண்வேலையாகத் தோன்றினாலும் இதுதான் இறக்கையின் ஆயுளைத் தீர்மானிக்கும் கட்டம். தகடுகளுக்கிடையே சிக்கிய சீவல்கள் இணைப்பை இறுக விடாது. துளை விளிம்பில் நிற்கும் பிசிறும் கீறலும் பறக்கும்போது ஏற்படும் அதிர்வில் விரிசலுக்கு வித்தாகும். அதனால் துளைதோறும் பிசிறு நீக்கி, ஓரங்களை அரத்தால் மழுப்புகிறார்கள். பிசிறு நீக்கும் முனையை அழுத்திச் சுழற்றினால் மெல்லிய தகடு மேலும் மெலியும். இரண்டொரு லேசான சுற்றே போதும்.

துளை விளிம்பு எவ்வளவு முக்கியம் என்பதை 2023 காட்டியது. தேவை பெருகியதால் வான்ஸ் சில பாகங்களின் துளைகளை லேசரால் வெட்டியிருந்தது. ரிவெட் தலை தகட்டோடு சமமாகப் படிவதற்காகத் துளையைச் சுற்றிக் குழியாக்கியபோது, அவற்றில் விரிசல்கள் தென்பட்டன. பாகங்களை மாற்றித் தரும் சுமை மற்ற நிதி நெருக்கடிகளோடு சேர, அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனம் திவால் சட்டப் பாதுகாப்பை நாடியது.

வழக்கமான வேலையில், பிசிறு நீக்கி இப்படிக் குழியாக்கிய பாகங்களுக்கு அரிப்பைத் தடுக்கும் பிரைமர் பூசி, மீண்டும் கிளிகோ போட்டு ரிவெட் அடிப்பார்கள். அடிபட்டு விரிந்த முனை, ரிவெட் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் கொண்டிருந்தால் அது சரியான ரிவெட். துளை பெரிதாகிவிட்டால், ஓர இடைவெளி அனுமதிக்கும்வரை அடுத்த அளவு ரிவெட்டைப் பயன்படுத்தலாம். அதற்கும் இடமில்லையென்றால் பாகத்தையே மாற்ற வேண்டும்.