நோக்கும் கண்ணோட்டமும்

இன்று நமது கட்டுரைகளிலும் மேடைகளிலும் 'கண்ணோட்டம்' என்ற சொல் படும் பாடு கொஞ்சமன்று. வரலாற்றுக் கண்ணோட்டம், வர்க்கக் கண்ணோட்டம், அழகியற் கண்ணோட்டம் என அடைமொழிகள் பெருகிவிட்டன. வாதத்தில் விடையிறுக்க இயலாதவர், "அது உங்கள் கண்ணோட்டம்" என்று கூறிக் கதவைச் சாத்திவிடுகிறார். ஆங்கிலத்தில் 'பெர்ஸ்பெக்டிவ்' எனப்படுவதற்கு ஈடாகவே இச்சொல்லை வழங்குகிறோம். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ்ச் சொல்லுக்கோ முற்றிலும் வேறொரு வரலாறு உண்டு.

இடைக்கால ஐரோப்பாவில் 'பெர்ஸ்பெக்டீவா' என்ற இலத்தீன் சொல் அபிப்பிராயம் எதனையும் குறிக்கவில்லை. ஒளியியல் என்ற விஞ்ஞானத்திற்கே அது பெயராயிருந்தது. அவ்விஞ்ஞானத்தின் பேராசான் பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங் கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என அவர் 11ஆம் நூற்றாண்டில் நிறுவினார். அவரது நூல் இலத்தீனுக்கும், பின்னர் 14ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மொழிக்கும் பெயர்க்கப்பட்டது. மேற்கின் தனிச்சொத்தென நாம் எண்ணும் பலவற்றின் வேர்கள் இவ்வாறு வேறு மண்ணிற் கிடக்கின்றன.

ஓவியத்துள் இவ்விஞ்ஞானம் புகுந்த இடம் புளோரன்ஸ் நகரம். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரூனெல்லெஸ்கி என்ற சிற்பி அந்நகரப் பேராலயத்தின் வாயிலுக்குள் நின்று, எதிரேயிருந்த ஞானஸ்நான மண்டபத்தை ஒரு சிறு பலகையில் வரைந்தார். பலகையில் ஒரு துளை. படம் வரைந்த பக்கத்தில் அது பருப்பு மணியளவே இருந்தது. பார்ப்பவர் பலகையின் பின்புறத்தே ஒரு கண்ணை வைத்து, முன்னே பிடித்த கண்ணாடியிற் படத்தின் பிம்பத்தைக் காண வேண்டும். வானத்தை அவர் வரையவில்லை. அவ்விடத்தில் மெருகிட்ட வெள்ளியைப் பதித்தார். மெய்யான முகில்கள் அதில் ஊர்ந்து சென்றன. பலகை இன்று இல்லை. அவர் வரலாற்றை எழுதிய மனெத்தி சொன்னதே நமக்கு எஞ்சியிருக்கிறது. 1435இல் அல்பெர்த்தி இம்முறையை நூலாக்கினார்.

இம்முறை ஒரு நிபந்தனையை விதிக்கிறது: ஒரே கண், ஒரே இடம். அசைந்தால் காட்சி குலையும். ஆகவே இது வணிக வர்க்கத்தின் கண், அளந்து விலை மதிப்பவனின் கண் என்று சிலர் ஒரே அடியாகக் கூறிவிடுவர். அதில் உண்மை இல்லாமலில்லை. பியெரோ தெல்லா பிரான்செஸ்கா ஓவியர்க்கு இக்கலையை விளக்கும் நூலோடு, வணிகர்க்கு உதவும் கணித நூலும் எழுதியவர். ஆயினும் அது அவசர முடிவு. நிற்கும் இடம் சொல்லப்பட்டால், அங்கிருந்து எது தெரியும், எது மறையும் என்பதை யாரும் நூல் பிடித்துச் சோதிக்கலாம்; செல்வனும் கூலியாளும் அவ்விடத்தில் நின்றால் ஒன்றையே காண்பர். "அவரவர்க்கு அவரவர் நோக்கு" என்ற சோம்பல் வாதத்திற்கு இங்கே இடமில்லை.

எங்கே நின்றார் என்பதே வினா. அவர் நின்ற பேராலயத்தின் பணிகளை மேற்பார்த்தது கம்பளி வணிகரின் சங்கம். 1378இல், புரூனெல்லெஸ்கி கைக்குழந்தையாயிருந்த காலத்தில், அச்சங்கத்தின் கீழ் உழைத்த கம்பளித் தொழிலாளர் கிளர்ந்தெழுந்து, தமக்கென ஒரு சங்கம் பெற்றனர். சில வாரங்களில் அது கலைக்கப்பட்டது; 1382க்குள் அக்கிளர்ச்சியின் பயன் யாவும் பறிபோயிற்று. 1420இல் பேராலயத்தின் குவிமாடப் பணியைப் புரூனெல்லெஸ்கி தொடங்கினார். கொத்தர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தியபோது அவர்களை விலக்கி, லொம்பார்தியிலிருந்து ஆட்களை வருவித்து, பின்னர் பழைய கொத்தர்களைக் குறைந்த கூலிக்கே மீண்டும் சேர்த்தார் என மனெத்தி பெருமையோடு கூறுகிறார். பெருமைப்படுவதற்கும் ஓர் இடத்தில் நின்றாக வேண்டுமல்லவா? சாரத்தின் மீது நின்ற கொத்தனுக்கு நகரம் எவ்வாறு தெரிந்தது என்பதை எந்தப் பலகையும் நமக்குக் காட்டவில்லை.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். வள்ளுவரின் 58ஆம் அதிகாரத்தின் பெயர் 'கண்ணோட்டம்'. அங்கே அதற்குப் பொருள் நோக்குநிலை அன்று, இரக்கம். பிறர்மீது கண் ஓடுதல், அவர் துன்பங் கண்டு நெகிழ்தல் என்பதே பழைய வழக்கு. புளோரன்சின் கண் ஓரிடத்தில் ஆணியடித்தாற் போல் நிற்பது. இக்கண்ணோ பிறரிடம் ஓடுவது. ஒரு சொல்லின் பொருள் காலப்போக்கில் மாறுவது இயல்பே. அதற்காக நாம் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வதிகாரம் இல்லறவியலில் அல்லாமல் அரசியலில் வைக்கப்பட்டிருப்பதை நம் உரைகாரர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். குடிகள் அஞ்சும் செயலைச் செய்யாதிருத்தல் அதற்கு முந்திய அதிகாரம். அதனை அடுத்து வருவது ஒற்றாடல். அரசனுக்குக் கண்ணாகும் ஒற்றரைப் பற்றியது.