நாற்காலிக்கு யார் உரியவர்? இந்தியா நடத்திய அரசுப் பிரதிநிதிகள் மாநாடுகள், 1948–2023

சுதந்திரம் கிடைத்து ஓராண்டு நிறைவதற்குள், 1948 ஜூன் 1 முதல் 12 வரை, ஆசிய, தூரக் கிழக்கு நாடுகளுக்கான ஐ.நா. பொருளாதார ஆணையத்தின் மூன்றாவது அமர்வு உதகமண்டலத்தில் கூடியது. தொடங்கிவைத்தவர் நேரு. முதல் அமர்வு ஷாங்காயில், இரண்டாவது பிலிப்பைன்ஸின் பாகியோவில், இரண்டும் 1947இல். திருநெல்வேலி மாவட்டத்துக்கும் இதில் ஓர் உறவு உண்டு. ஆணையத்தின் முதல் நிர்வாகச் செயலாளர் பி. எஸ். லோகநாதனின் முதல் எழுத்து பாலாமடை என்ற ஊரைக் குறிப்பது.

ஏன் ஊட்டி? ஜூன் மாதத்து டெல்லி வெயிலே பாதிக் காரணமாக இருந்திருக்கலாம். மீதியை வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன வசதிகளில் தேட வேண்டும். சென்னை மாகாண அரசு கோடைதோறும் கோப்புகளோடு மலையேறிய ஊர் அது. அதிகாரிகளுக்கு மாளிகைகளும் குமாஸ்தாக்களுக்கு அறைகளும் ஏற்கெனவே இருந்தன. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயில் 1908இலேயே ஊட்டியைத் தொட்டுவிட்டது. மாநாட்டுக்கென்று ஊரை உருவாக்க வேண்டியிருக்கவில்லை. இருந்த ஊருக்குள் மாநாட்டை வைத்தார்கள்.

அறைகள் கிடைத்தன, ஒரு நாற்காலிக்குத்தான் தகராறு. டச்சுக்காரர்களோடு போராடிக்கொண்டிருந்த இந்தோனேசியக் குடியரசு தனக்கும் இடம் கேட்டது. நெதர்லாந்து எதிர்த்தது. மேசையில் ஒரு பெயர்ப்பலகை வைத்தாலே அந்த அரசை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்பதுதான் சிக்கல். கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்காக நீதிமன்றம்வரை போகிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஊட்டியில் முடிவு தள்ளிப்போடப்பட்டது. அவ்வாண்டு இறுதியில், ஆஸ்திரேலியாவின் லாப்ஸ்டனில் நடந்த நான்காவது அமர்வில்தான் குடியரசுக்கு இடம் கிடைத்தது.

இரவல் வசதியில் மாநாடு நடத்தும் காலம் நீடிக்கவில்லை. 1956 நவம்பரில் டெல்லியில் கூடவிருந்த யுனெஸ்கோ பொது மாநாட்டுக்காக விஞ்ஞான் பவன் எழுந்தது. விருந்தினர் தங்குவதற்கு அசோகா ஹோட்டல். அதே விஞ்ஞான் பவனில் 1968 பிப்ரவரி, மார்ச்சில் ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி மாநாடு நடந்தது.

கட்டடம் இருந்தால் எவ்வளவு சீக்கிரம் ஏற்பாடு செய்யலாம் என்பதை 1983 காட்டியது. பாக்தாத்தில் 1982இல் நடக்கவிருந்த அணிசேரா நாடுகள் உச்சி மாநாடு, ஈரான்–ஈராக் போரால் டெல்லிக்கு மாறியது. சில மாத அவகாசத்தில் ஏற்பாடுகள் முடிந்து மார்ச்சில் தலைவர்கள் வந்து இறங்கினார்கள். ஆனால் முதல் நாளே, ஜோர்டான் பிரதிநிதி தனக்கு முன்னால் பேசியதை அவமானமாகக் கருதிய பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத், அன்று மாலையே ஊருக்குக் கிளம்பத் தயாரானார் என்று மாநாட்டுப் பொதுச் செயலாளர் நட்வர் சிங் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோ கூப்பிட்டுப் பேசித்தான் அவரை நிறுத்தினார். எத்தனை விமானம், எத்தனை கார் என்று கணக்குப் போடும் அதிகாரிகளின் அட்டவணையில், பேச்சாளர் வரிசை ஒற்றைத் தாள். மாநாட்டையே கவிழ்க்கக்கூடிய தாள் அதுதான்.

2022 டிசம்பரில் ஜி20 தலைமையை ஏற்ற இந்தியா, ஒரே ஊரில் எல்லாவற்றையும் குவிக்கும் பழக்கத்தை விட்டது. 200க்கும் மேற்பட்ட கூட்டங்கள் ஏறத்தாழ 60 நகரங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டன. கல்விப் பணிக்குழு 2023 பிப்ரவரியில் சென்னையில் கூடியது. ஜூலையில் சுற்றுச்சூழல் அமைச்சர்களும் அங்கேதான் கூடினார்கள். பரவலாக்கம் என்று இதைப் புகழ்ந்தார்கள். விமான நிலையமும் பெரிய ஹோட்டலும் இல்லாத ஊருக்கு அந்தப் பங்கு வந்து சேராது என்பதையும் கூடவே சொல்லவேண்டும். ஊட்டிக்கு 1948இல் கைகொடுத்த தகுதியின் இன்றைய வடிவம் அது.

உச்சி மாநாடு செப்டம்பர் 9, 10இல் டெல்லியின் புதிய பாரத் மண்டபத்தில் நடந்தது. முதல் நாள் ஆப்பிரிக்க ஒன்றியத்தை நிரந்தர உறுப்பினராக்கும் அறிவிப்பு வந்தது. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், ஒன்றியத் தலைவர் அசாலி அசூமானியை அழைத்துவந்து உறுப்பினர்களின் மேசையில் உட்காரவைத்தார்.