உள்ளாட்சியின் அடிப்படைச் சட்டத்தை யார் மாற்றலாம்?

மரக்காணம் பேரூராட்சிக்கு 2011ல் நடந்த தேர்தலில் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2022ல் வார்டு உறுப்பினர்களுக்கு மட்டுமே வாக்களித்தோம். அவர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தனர். இந்த மாற்றத்திற்காக மக்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. ஏன்?

1993 ஜூன் 1ல் நடைமுறைக்கு வந்த 74வது திருத்தம், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளுக்கு அரசியல் சாசன அங்கீகாரம் தந்தது. 12வது அட்டவணையில் 18 பணிகளையும் பட்டியலிட்டது. ஆனால் அவற்றில் எதை, எவ்வளவு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்கிறது. தலைவர் தேர்தல் முறையும் அப்படித்தான். 1996ல் நேரடித் தேர்தல், 2006ல் மறைமுகம், 2011ல் மீண்டும் நேரடி, 2019ல் அவசரச் சட்டம் மூலம் மறுபடியும் மறைமுகம் என்று மாறி மாறி வந்தது.

வேறு வழியும் உலகில் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிளாலம் என்ற கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்பது ஏறக்குறைய நமது மாவட்டம் போன்றது. அதற்கென்று தனிச் சாசனம் உண்டு. அந்தச் சாசனத்தை மறுஆய்வு செய்வதற்கென்றே குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை 15 பேரை மக்கள் தேர்தலில் தேர்ந்தெடுக்கின்றனர். அவர்கள் முன்வைக்கும் திருத்தங்களை ஏற்பதா, நிராகரிப்பதா என்பதும் மக்கள் வாக்கெடுப்பில்தான் முடிவாகும்.

நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே, "தலைவரை நாங்களே தேர்ந்தெடுக்கும் முறை வருமா? பேரூராட்சிக்குக் கூடுதல் அதிகாரம் கிடைக்குமா?" என்ற கேள்விகளை வார்டு வேட்பாளரிடம் கேட்டுப் பயனில்லை. திண்டிவனம் தொகுதியின் சட்டமன்ற வேட்பாளர் வாக்குக் கேட்டு வரும்போது அவரிடம்தான் கேட்க வேண்டும்.