அடுக்களை மேடையும் ஆழ்கடலும்

கப்பல்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பாய்களையும் பீரங்கிகளையும் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். தளபதிகளின் வீரத்தையும் மாலுமிகளின் திசையறியும் திறனையும் போற்றியுள்ளனர். கப்பலின் அடுக்களையை எட்டிப் பார்த்தவர்களோ மிகச் சிலரே. ஆயினும், அடுப்பெரியாத கப்பல் நெடுந்தொலைவு சென்றதில்லை. அலைகளால் ஓயாது ஆடும் தளத்தில் கத்தியும் கலமும் நிலைபெற ஓரிடம் வேண்டும். அவ்விடமே சமையல் மேடை. அது எப்பொருளால் ஆயிற்று, காலந்தோறும் எவ்வாறு மாறிற்று, பழம்படகில் அதனைப் பெயர்த்துப் புதிதாக அமைப்பது ஏன் பொருளுடைய செயலாகிறது என்பவற்றை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

செங்கல்லும் இரும்பும்

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான 'மேரி ரோஸ்' 1545ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சோலன்ட் நீரிணையில் மூழ்கியது. 1982இல் அதன் உடற்பகுதியைக் கடலிலிருந்து மேலே தூக்கினர். அக்கப்பலின் அடுக்களை, அடித்தளத்தில் செங்கற்களால் கட்டப்பட்டிருந்தது. இரு பெரும் அடுப்புகளின் மேல் உலோகக் கொப்பரைகள் பதிக்கப்பட்டிருந்தன. மரக்கலத்திற்குச் செங்கல் எதற்கு என வியப்பு எழலாம். மரத்தால் ஆன கலத்திற்குக் கடலினும் கொடிய பகை நெருப்பு. செங்கல்லின் பாரத்தைச் சுமந்தேனும் அப்பகையைச் சிறைப்படுத்த வேண்டியிருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் செங்கல்லின் இடத்தை இரும்பு பெற்றது. அலெக்சாண்டர் புரோடி என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1780இல் காப்புரிமை பெற்ற இரும்பு அடுப்பு, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களில் பரவியது. 1805இல் டிரபால்கர் போரில் நெல்சனின் 'விக்டரி' கப்பலில் இருந்தோர் ஏறத்தாழ 820 பேர். அத்தனை பேருக்கும் ஓர் அடுக்களையே உணவு தந்தது. அக்காலக் கடற்படையில் சமையற்காரர் பணி, போரில் கையையோ காலையோ இழந்த மாலுமிகளுக்குப் பெரும்பாலும் அளிக்கப்பட்டது. பாய்மரம் ஏற இயலாதவருக்கு அந்த மேடையே வாழ்வின் ஊன்றுகோலாயிற்று. வரலாறு அவர்களுள் பலரின் பெயர்களைக் குறித்து வைக்கவில்லை.

தேக்கு என்னும் செல்வம்

மரங்களுள் கப்பலுக்கு ஏற்றது தேக்கு என்பதை உலகம் நம் மண்ணிலிருந்தே கற்றது. ஆங்கிலேயர் வழங்கும் 'டீக்' என்னும் சொல், மலையாளக் கரையில் வழங்கிய சொல்லைப் போர்த்துக்கீசியர் எடுத்துச் சென்றதால் பிறந்தது. தமிழில் நாம் கூறும் தேக்கும் அச்சொல்லின் உடன்பிறப்பே. இம்மரத்தில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் நீரில் எளிதில் அழுகாது. ஓக் மரத்தின் புளிப்பு இரும்பாணியை அரிப்பதைப்போல் இது அரிப்பதும் இல்லை. திருகோணமலையின் பெயர் தாங்கிய 'டிரிங்கோமலி' என்னும் போர்க்கப்பல் மலபார்த் தேக்கினால் பம்பாயில் கட்டப்பட்டு 1817இல் நீரில் இறங்கியது. இரு நூற்றாண்டுகள் கடந்தும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் அது மிதந்துகொண்டிருக்கிறது. தேக்கின் உறுதிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பிற்காலச் சிறு பாய்மரப் படகுகளிலும் அடுக்களை மேடையின் விளிம்புச் சட்டங்களுக்குத் தேக்கையே விரும்பினர். படகு சாயும்போது தட்டும் குவளையும் உருண்டு விழாதபடி தடுப்பவை அச்சட்டங்கள். அவற்றின் மூலைகளில் சிறு இடைவெளி விடுவர். உதிர்ந்த துணுக்குகளைத் துடைத்துத் தள்ளுவதற்கான வழி அது. அனுபவமே ஆசானாக நின்று கற்பித்த நுட்பம் எனலாம்.

செயற்கைப் பொருளின் வருகை

1907இல் லியோ பேக்லண்ட் என்பார் பேக்கலைட் என்னும் செயற்கைப் பிசினை உருவாக்கினார். 1912இல் அமெரிக்காவில் ஓகானர், பேபர் என்னும் இருவர் அத்தகைய பிசினைக் கொண்டு படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கித் தகடு செய்தனர். மின்கருவிகளில் மைக்காவுக்கு மாற்றாகவே அதனைக் கண்டனர். 'பார்மைக்கா' என்னும் பெயர் அவ்வாறு வந்ததே. மின்காப்புக்காகப் பிறந்த அது, பின்னாளில் வண்ணம் பெற்று இல்லங்களின் சமையல் மேடைகளை மூடியது.

படகின் உடலும் மாறியது. கார்ல் ஆல்பெர்க் வடிவமைத்து, பியர்சன் உறவினர் இருவரின் நிறுவனம் கட்டிய 'டிரைட்டன்' என்னும் கண்ணாடியிழைப் பாய்மரப் படகு 1959இல் நியூயார்க் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 28 அடிக்குச் சற்று மேற்பட்ட அப்படகு ஏறத்தாழ 700 எண்ணிக்கையில் கட்டப்பட்டது. செல்வர்க்கே உரியதாயிருந்த கடற்பயணம் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. அக்காலப் படகுகள் பலவற்றின் அடுக்களையில் ஒட்டுப்பலகையின் மேல் பார்மைக்கா போன்ற தகடே ஒட்டப்பட்டது.

பெயர்த்தலும் பொருத்தலும்

கண்ணாடியிழை உடல் மக்குவதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் ஒட்டுப்பலகை மக்கும். கழுவு தொட்டியின் ஓரத்தில் ஒரு மயிரிழை வெடிப்புப் போதும். நீர் உட்புகுந்து பலகையின் அடுக்குகளைப் பிரித்துவிடும். மேடையின் அடியிலுள்ள பனிக்கட்டிப் பெட்டியின் காப்புப் பொருளும் ஈரத்தில் ஊறிப் பயனிழக்கும். மேலே தகடு பளபளக்கும். கீழே பலகை அழுகியிருக்கும்.

அதனை மாற்றுவோர் முதலில் விளிம்புச் சட்டங்களை உடையாமல் கழற்றுவர். பின்னர்த் தொட்டியையும் அடுப்பையும் வெளியெடுப்பர். படகில் நேர்கோணம் என்பது அரிது. ஆதலின் அளவுகோலை மட்டும் நம்பாது, மெல்லிய பலகையில் வார்ப்படம் வெட்டிப் பொருத்திப் பார்ப்பர். புதிய பலகை குறுகிய இறங்குவாயில் வழியே உள்ளே செல்லுமா என்பதையும் முன்கூட்டியே எண்ண வேண்டும். கடலுக்குரிய ஒட்டுப்பலகையை வெட்டி, அதன் எல்லா ஓரங்களுக்கும் துளைகளுக்கும் எப்பாக்சிப் பிசின் பூசுவர். நீர் முதலில் தேடுவது வெட்டிய ஓரத்தையே. கருங்கல் பதித்தால் அழகாயிருக்கும் எனச் சிலர் கருதலாம். ஒரு பக்கம் பாரம் கூடினால் படகு அப்பக்கமே சாயும் என்பதைக் கடல் உடனே உணர்த்திவிடும். பனிக்கட்டிப் பெட்டியின் மூடி முன்போல் மேற்புறமே இருத்தல் வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. பக்கவாட்டில் திறந்தால் அது கீழே வழிந்து போய்விடும்.

எது மாறலாம், எது மாறலாகாது?

தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்சு நகரத்தார் பாதுகாத்தனர் என்றும், மக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினர் என்றும் புளூடார்க் எழுதினார். அது பழைய கப்பல்தானா என்று தத்துவ அறிஞர் வாதிட்டனர். அடுக்களை மேடையின் வரலாறு அவ்வாதத்திற்கு ஒரு விடை தருகிறது. செங்கல் போய் இரும்பு வந்தது. மரப்பலகையின் மேல் செயற்கைத் தகடு ஏறியது. ஆயினும் நெருப்பை அடக்குதல், கலத்தைக் காத்தல், பாரத்தைச் சமன்செய்தல் என்னும் நெறிகள் மாறவில்லை. பொருள் மாறலாம், பட்டறிவு தந்த வடிவம் மாறலாகாது.

இன்று கைவிடப்பட்ட கண்ணாடியிழைப் படகுகள் பல துறைகளில் சுமையாகக் கிடக்கின்றன. அவற்றை எரிப்பதும் புதைப்பதும் மறுபடி உருக்குவதும் எளிதன்று. அழுகிய ஒரு பலகைக்காக உறுதியான உடலை எறிந்துவிடுதல் அறிவுடைமை ஆகாது. பழம்படகின் மேடையைப் பெயர்த்துப் புதிது பொருத்தும் கை, ஒரு கலத்துக்கு மறுவாழ்வு தருகிறது; பெயரறியாத் தச்சரும் சமையற்காரரும் ஆடும் தளத்தில் நின்று கற்ற பாடத்தையும் அடுத்த தலைமுறைக்கு அளிக்கிறது. கப்பலோட்டியவனை நினைக்கும் நாம், அவனுக்குச் சோறு வடித்தவனையும் ஒருகணம் நினைப்போமாக.